கொண்டல் வரும் திசை

நவம்பர் மாதத்தில் காலை ஆறு மணிக்குச் சென்னைக் கடற்கரையில் நின்று கிழக்கே பார்த்தால், அடிவானத்தை ஒட்டி மேகங்கள் ஒரு வரிசையாக நிற்கும். அடி தட்டை, தலை பூசணிக்காய் போல உருண்டை, நிறம் கருஞ்சாம்பல். முகத்தில் ஈரக்காற்று அடித்துக்கொண்டே இருக்கும். கொஞ்ச நேரத்தில் அவற்றில் ஒன்று தலைக்கு மேலே வந்து, பத்து நிமிடம் சடசடவென்று கொட்டிவிட்டு மேற்கே போய்விடும். வெயில் எட்டிப் பார்ப்பதற்குள் அடுத்தது வந்து நிற்கும். மேகம் வேறு, காற்று வேறு என்று பிரிக்க முடியாத இந்த வரவுக்குத் தமிழில் ஒரே சொல்தான்: கொண்டல்.

அகராதியைப் புரட்டினால் மேகம், மழை, கீழ்க்காற்று, கிழக்கு ஆகிய எல்லாமே இந்த ஒரு சொல்லின் கீழ் வந்து நிற்கின்றன. வேர் ‘கொள்’. நீரைக் கொண்டது கொண்டல். மேகத்தைக் குறிக்கும் கொண்மூ என்ற பழஞ்சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். மேகம் கடலில் இறங்கி நீரை முகந்துகொள்கிறது என்பது பழந்தமிழர் கண்ட காட்சி. முல்லைப்பாட்டு தொடங்குவதே கடலைப் பருகி எழும் மேகத்தோடுதான். அங்கே அதற்கு எழிலி என்று பெயர், எழுவதால் எழிலி. திருப்பாணாழ்வார் அரங்கனைக் கொண்டல் வண்ணன் என்று அழைத்தார். நீர் நிறைந்து கனத்த மேகத்தின் நிறம் அது. வெளுத்த பஞ்சு மேகத்தை வைத்து அப்படி ஒரு பெயர் சொல்ல முடியாது.

வேறொரு பழஞ்சொல்லும் இன்னும் நம் வாயில் இருக்கிறது. சங்கப் பாடல்களில் ‘மழை’ என்றால் பல இடங்களில் மேகம் என்றே பொருள். இன்றும் ஒரு துளி விழுவதற்கு முன்பே, மாடியில் காயும் துணியை எடுக்க ஓடுகிறவர்கள், “மழை இருட்டிக்கிட்டு வருது” என்கிறார்கள். இருட்டிக்கொண்டு வருவது மேகம்தானே! இரண்டாயிரம் ஆண்டுப் பொருள் கொடிக்கயிற்றுப் பக்கத்தில் உயிரோடு இருப்பதை ஒவ்வொரு முறை கேட்கும்போதும் எனக்கு மனம் நிறைந்துவிடுகிறது.

மேகங்களுக்கு இன்று உலகம் வழங்கும் பெயர்கள் லண்டனில் பிறந்தவை. லூக் ஹோவர்டு என்ற மருந்து வேதியியலர் 1802-இல் ஓர் உரையில் மேகங்களை உருவத்தை வைத்து வகைபிரித்து, லத்தீனில் பெயரிட்டார். முடிச்சுருள் போன்றது சிரஸ், குவியல் குமுலஸ், பரந்து படிந்தது ஸ்ட்ரேட்டஸ். நம் பாடநூல்கள் இவற்றைக் கீற்று மேகம், திரள் மேகம், படை மேகம் என்று தமிழாக்கின. இடியும் மின்னலுமாக வருவது கார்திரள் மேகம். நல்ல ஆக்கங்கள். ‘படை’ என்றால் இங்கே அடுக்கு என்று மட்டும் ஆசிரியர் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளைகள் போர்ப்படையை நினைத்துக்கொள்வார்கள். ஹோவர்டின் பெயர்கள் எந்த நாட்டு வானத்துக்கும் பொருந்தும். கொண்டல் அப்படியல்ல. கிழக்கே கடலும் அந்தக் கடலிலிருந்து மழையும் உள்ள கரையில்தான் மேகத்துக்கும் கீழ்க்காற்றுக்கும் ஒரே பெயர் நிலைக்க முடியும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைதான் தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியைத் தருகிறது. கடலோர மாவட்டங்களில் 60 விழுக்காடு வரை. பின்னிரவில் நிலம் குளிர்ந்து, கரையிலிருந்து கடலுக்குக் காற்று இறங்குகிறது. கிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்று கரையோரத்தில் அதோடு முட்டி மேலெழும்பி மேகமாகிறது. அதனால்தான் இந்தப் பருவத்தில் கடலோர மழை விடியற்காலையில் வலுக்கிறது.

கடலுக்குப் போகிறவர்களிடம் கொண்டல் என்ற சொல் வெறும் காற்றின் பெயராக நின்றுவிட்டது. வடக்கே இருந்து வாடை, மேற்கே இருந்து கச்சான், கிழக்கே இருந்து கொண்டல். யாழ்ப்பாணக் கரையிலும் வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்றே காற்றுகளைப் பிரிக்கிறார்கள். எழுத்துத் தமிழில் அது மேகத்தின் பெயராக மட்டும், அதுவும் பக்தி நூல்களிலும் ஆட்களின் பெயர்களிலும் ஒதுங்கிவிட்டது. ஒரே சொல்லைக் கரையும் ஏடும் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன.

வானிலை அறிக்கையோ இரண்டு பாதியையும் எடுத்துக்கொள்ளவில்லை. “கிழக்கு திசைக் காற்றின் வேக மாறுபாடு காரணமாக” என்று ஆறு சொல்லில் சொல்கிறது. “வானம் ஓரளவு மேகமூட்டத்துடன் காணப்படும்” என்கிறது. சரியான செய்திதான், குறை சொல்லவில்லை. ஆனால் எந்தப் பக்கத்து மேகத்தைப் பார்த்துக் குடை எடுப்பது என்று கேட்பவருக்கு அதில் விடை கிடைப்பதில்லை. மே மாத மாலையில் சென்னைக்காரர் மேற்கே பார்க்க வேண்டும். இடிமழை அங்கிருந்து வரும். நவம்பரில் கிழக்கே. ‘இன்று காலை கொண்டல் மழை இருக்கும்’ என்று அறிக்கை சொன்னால், திசை, காற்று, மேகம் மூன்றும் ஒரே வீச்சில் வந்துவிடும். சென்னைத் துறைமுகத்தில் 2002 முதல் சுழலும் டாப்ளர் ரேடார் கடல்மேல் தேடுவதும் இந்த மேகங்களைத்தான்.

சீர்காழிக்குப் பக்கத்தில் கொண்டல் என்றே ஓர் ஊர் இருக்கிறது. 2022 நவம்பர் 12 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் சீர்காழியில் 44 செ.மீ. மழை பதிவானது. நடவு செய்திருந்த சம்பா வயல்களில் பயிர் நுனிகூடத் தெரியவில்லை. அத்தனை நீரும் வங்கக் கடலின் பக்கமிருந்து வந்தது.