குற்றம் குருதியிலா, குடியிருப்பிலா?

சிறுவர் செய்யும் குற்றத்தை இக்கால அரபியில் ‘ஜுனூஹுல் அஹ்தாஸ்’ என்பர். ‘ஹதஸ்’ என்றதும் நம்மவர்க்கு உளூ முறிதலே நினைவுக்கு வரும். புதியது, இளையவன் என்னும் பொருள்களும் அச்சொல்லுக்கு உண்டு. அதன் பன்மையே ‘அஹ்தாஸ்’. ‘ஜுனூஹ்’ என்பதற்குச் சாய்தல் என்று பொருள். ஆழங்குறைந்த நீரில் தரைதட்டிச் சாயும் மரக்கலத்துக்கும் அரபியர் இதே வினைச்சொல்லை ஆள்வர்.

சாய்ந்து கிடக்கும் கலத்தைக் கண்டால் இரண்டு வினாக்கள் எழும். கலத்தின் மரத்தில் பழுதா? அது சென்ற நீர்வழியில் பழுதா? வழிதவறிய சிறுவரைப் பற்றி அறிஞர்கள் நூற்றைம்பது ஆண்டுகளாக நடத்திவரும் வாதத்தின் சாரமும் ஏறக்குறைய இதுவே. அவ்வாதத்தின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

குருதியைப் பழித்த காலம்

இத்தாலிய மருத்துவர் லொம்ப்ரோசோ 1876இல் ஒரு நூல் எழுதினார். குற்றவாளி பிறவியிலேயே குற்றவாளி. அவன் மண்டையோடும் தாடையும் காதும் அதனைக் காட்டிவிடும் என்பது அவர் கொள்கை. இங்கிலாந்தின் சிறை மருத்துவர் சார்லஸ் கோரிங் ஏறத்தாழ 3,000 கைதிகளை அளந்து ஆராய்ந்தார். அத்தகைய தனி உடலமைப்பு எதுவும் இல்லையென 1913இல் அவர் வெளியிட்ட முடிவு அக்கொள்கையை அசைத்துவிட்டது.

ஆயினும் குருதியைப் பழிக்கும் எண்ணம் ஐரோப்பாவோடு நின்றுவிடவில்லை. லொம்ப்ரோசோவின் நூல் வெளிவருமுன்பே, 1871இல், இந்தியாவை ஆண்ட ஆங்கிலேயர் குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றினர். ஒரு குலத்தில் பிறந்ததே குற்றமாயிற்று. 1897இல் வந்த திருத்தம், 4 வயது முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தனிக் குடியிருப்புகளில் வைக்கவும் வழிசெய்தது. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை மாகாணமும் இதன் பிடிக்குள் வந்தது.

1920ஆம் ஆண்டு நம் சிந்தனைக்குரியது. அவ்வாண்டு ஏப்ரல் 3ஆம் நாள், மதுரைப் பகுதியின் பெருங்காமநல்லூரில், இச்சட்டத்தை எதிர்த்து நின்ற மக்கள்மீது காவலர் துப்பாக்கியால் சுட்டனர். அதே ஆண்டில், அதே மாகாணத்தில், குற்றம் செய்த சிறுவரைப் பெரியவரினின்றும் பிரித்து வேறுவிதமாய் நடத்தவேண்டும் என்னும் சென்னைக் குழந்தைகள் சட்டமும் பிறந்தது. ஒரு கை பிறப்பைத் தண்டித்தது. மறு கை பிள்ளையைத் திருத்த முனைந்தது. முன்னையது சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுவதும் 1952இலும் நீக்கப்பட்டது.

சிறுவர்க்கென ஒரு மன்றம்

பருவமெய்தாத சிறுவன்மீது ‘தக்லீஃப்’ இல்லை என்பது ஃபிக்ஹு நூல்களின் பழைய விதி. மேனாட்டுச் சட்டங்களும் மிக இளைய வயதினர்க்கு விலக்களித்தன. எனினும் பத்து, பன்னிரண்டு வயதினரைப் பெரியவர்களோடு ஒரே சிறையில் அடைப்பது அங்கு இயல்பாகவே இருந்தது. அமெரிக்காவின் சிக்காகோ நகரில் ஜேன் ஆடம்ஸ் அம்மையார் 1889இல் தொடங்கிய ‘ஹல் ஹவுஸ்’ என்னும் தொண்டு இல்லத்தைச் சூழ்ந்த பெண்மணிகள் இதனைக் கண்டு மனம் பொறுக்கவில்லை. ஜூலியா லேத்ராப், லூசி ஃபிளவர் ஆகியோரின் உழைப்பால் 1899 ஜூலைத் திங்களில் அங்கே சிறுவர்க்கெனத் தனி வழக்குமன்றம் திறக்கப்பட்டது. 16 வயதுக்குட்பட்டோர் வழக்குகள் அங்கே சென்றன. நன்னடத்தை அலுவலர்க்குச் சட்டம் ஊதியம் ஒதுக்கவில்லை. பெண்கள் சங்கத்தினரே தொடக்கத்தில் பொருள் திரட்டிக் கொடுத்தனர்.

இம்மன்றத்தின் ஏடுகளே பின்னர் அறிவுலகிற்கு ஒரு புதையலாயின.

புள்ளியிட்ட வரைபடம்

கிளிஃபர்டு ஷா நன்னடத்தை அலுவலராய்ப் பணியாற்றியவர். அவரும் ஹென்றி மெக்கே என்பவரும் அம்மன்றத்தின் ஏடுகளை எடுத்து, ஒவ்வொரு சிறுவனின் வீட்டையும் நகர வரைபடத்தில் ஒரு புள்ளியாய்க் குறித்தனர். 1900 முதல் 1906 வரை, 1917 முதல் 1923 வரை, 1927 முதல் 1933 வரை என மூன்று காலங்கள். ஒவ்வொன்றிலும் 8,000க்கு மேற்பட்ட சிறுவர்கள்.

நகர்நடுவை ஒட்டியும், ஆலைகளையும் இருப்புப்பாதைகளையும் அடுத்தும் இருந்த பழைய குடியிருப்புகளில் புள்ளிகள் மொய்த்தன. வெளியே செல்லச் செல்ல அவை அருகின. இதில் வியப்பில்லை. வியப்பு, காலங்களை ஒப்பிட்டபோதுதான் தோன்றியது. முதலில் அத்தெருக்களில் வாழ்ந்தோர் ஜெர்மானியரும் அயர்லாந்தினரும் ஸ்காண்டிநேவியரும். அவர்கள் சற்றே பொருள் சேர்த்து வெளியேற, இத்தாலியரும் போலந்தினரும் வந்தனர். பின்னர்த் தென்மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்கள் வந்தனர். குடிகள் மாறின, மொழிகள் மாறின, அத்தெருக்களின் குற்ற அளவோ ஏறக்குறைய மாறவில்லை. வெளியேறிய குடிகளின் பிள்ளைகளிடம் குற்றம் குறைந்தது. குருதியே காரணமாயின், அஃது அவர்களுடனேயே போயிருக்க வேண்டுமன்றோ? 1942இல் இருவரும் இதனைப் பெருநூலாக வெளியிட்டனர்.

இவ்வாய்வைக் குறையற்றதென நாம் சொல்லமாட்டோம். ஏழைத் தெருவில் காவலரின் கண் மிகுதி. செல்வர் தெருவில் பிள்ளையின் பிழை வீட்டுக்குள்ளேயே மறைந்துவிடும். மேலும், கறுப்பினத்தவர் விரும்பினாலும் நல்ல தெருக்களுக்குக் குடிபோக முடியவில்லை. அவர்களுக்கு வீடு விற்பதில்லை என உரிமையாளர் ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தனர். அத்தகைய ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் நிறைவேற்றலாகாது என்று 1948இல்தான் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

காரணம் யாது?

தெரு எவ்வாறு பிள்ளையைக் கெடுக்கிறது? குடிகள் வருவதும் போவதுமாய் இருக்கும் இடத்தில் அண்டை வீட்டாரை எவரும் அறியார். அடுத்தவர் பிள்ளையைக் கண்டிப்பாரும் இல்லை. மூத்த சிறுவரின் கூட்டமே இளையவர்க்குப் பள்ளியாகிறது என்றார் ஷா. தொழிலைப் போலவே குற்றமும் நெருங்கிப் பழகுவோரிடம் கற்கப்படுவது என்றார் சதர்லாந்து. செல்வமே வாழ்வின் பயன் என எல்லார்க்கும் போதித்துவிட்டு, அதனை அடையும் நேர்வழியைச் சிலர்க்கே திறந்துவைக்கும் சமுதாயத்தைச் சுட்டினார் மெர்ட்டன், 1938இல்.

டிராவிஸ் ஹிர்ஷி வினாவையே திருப்பிப் போட்டார். சிலர் ஏன் குற்றம் செய்கின்றனர் என்று கேளாமல், பலர் ஏன் செய்வதில்லை என்று கேட்டார். கலிபோர்னியாவில் 4,000க்கு மேற்பட்ட மாணவர்களிடம் விடை பெற்று, 1969இல் தம் முடிவை வெளியிட்டார். பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் உள்ள பற்று, எதிர்காலத்தில் வைத்துள்ள முதலீடு, நற்செயல்களில் ஈடுபாடு, நெறிமேல் நம்பிக்கை ஆகிய நான்கு கயிறுகளும் பிள்ளையைப் பிணித்திருக்கின்றன. அவை தளரும்போது அவன் சாய்கிறான் என்றார்.

முதற்பிழை முடிவன்று

ஃபிலடெல்ஃபியா நகரில், 1945இல் பிறந்த 9,945 ஆண்பிள்ளைகளின் காவல் பதிவுகளை வுல்ஃப்கேங் குழுவினர் ஆராய்ந்து 1972இல் வெளியிட்டனர். 18 வயதுக்குள் 3,475 பேர் ஒருமுறையேனும் காவலர் கையில் பட்டிருந்தனர். அவர்களுள் நூற்றுக்கு 46 பேர் மறுமுறை அகப்படவே இல்லை. 627 பேர் மட்டுமே பாதிக்கு மேற்பட்ட குற்றங்களுக்குப் பொறுப்பாயினர். முதற்பிழையிலேயே ‘திருடன்’ என்று பெயரிட்டுவிட்டால், பிள்ளை அப்பெயருக்கேற்ப வளர்ந்துவிடுவான் என்று டானன்பாம் 1938இலேயே எச்சரித்திருந்தார்.

ஷாவும் ஏட்டோடு நிற்கவில்லை. 1930களின் தொடக்கத்தில், சிக்காகோவின் எஃகு ஆலைகளை அடுத்திருந்த போலந்து மக்களின் குடியிருப்பில் ஒரு முயற்சியைத் தொடங்கினார். வெளியூர் வல்லுநரைப் பெரிதும் நம்பாமல், அத்தெருவினரையே பொறுப்பாளராக்கினார். விளையாட்டிடம் அமைத்தனர், சீர்திருத்தப் பள்ளியிலிருந்து திரும்பும் சிறுவரை அத்தெருவினரே ஏற்றுக்கொண்டனர்.

நம் ஊரில் ஒரு சிறுவன் பிடிபட்டால் நாம் கேட்கும் முதல் வினா, ‘யார் வீட்டுப் பிள்ளை?’ என்பதே. விடை கிடைத்ததும் அக்குடும்பத்தைப் பழித்துவிட்டு அமைதி அடைகிறோம். அவ்வினா லொம்ப்ரோசோவின் வினா. சிக்காகோ வரைபடத்தைக் கண்டபின் நாம் கேட்கவேண்டியவை வேறு. அவன் பள்ளிக்குப் போவதை எப்போது நிறுத்தினான்? மாலை வேளையில் யாருடன் திரிந்தான்? அவனைப் பெயர்சொல்லி அழைத்து, ‘சாப்பிட்டாயா?’ என்று கேட்கும் பெரியவர் அத்தெருவில் எத்தனை பேர்? அந்த எண்ணிக்கையில் நாமும் ஒருவரா?