பஞ்சம் கருவில் விட்ட தடம்

1944 செப்டம்பரில் நேச நாட்டுப் படைகளுக்குத் துணையாக நெதர்லாந்தின் ரயில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பதிலடியாக, நாட்டின் மேற்குப் பகுதிக்கு உணவு போவதை ஜெர்மானியர்கள் தடுத்தார்கள். பிறகு நீர்வழியில் மட்டும் தடை தளர்ந்தது. ஆனால் கால்வாய்கள் உறைந்து படகுகள் நின்றன. ஆம்ஸ்டர்டாமில் ஒருவருக்கான அன்றாடப் பங்கீடு 400 முதல் 800 கலோரிக்குச் சுருங்கியது. துலிப் கிழங்கும் உணவானது. 1945 மே மாதம் விடுதலை வர, பட்டினியும் சட்டென்று ஓய்ந்தது. இப்படித் தொடக்கமும் முடிவும் தேதியோடு தெரிகிற பஞ்சம் அபூர்வம். அதைவிட அபூர்வம், அந்த நெருக்கடியிலும் பங்கீட்டுக் கணக்கும் மகப்பேற்றுப் பதிவேடுகளும் பிழைத்து நின்றது. மரபணுவின் எழுத்துகள் மாறாமலே அதன் செயல்பாடு மாறுவதை ஆராயும் எபிஜெனடிக்ஸ் பற்றிய இன்றைய பேச்சுக்கு ஆய்வுக்கூடத்தைவிட இந்தப் பதிவேடுகளே பெரிய ஆதாரம் என்பது என் கருத்து.

கருவில் கண்ட பஞ்சம் பிற்காலத்திலும் தடம் விடுகிறது என்பதற்கு முதல் சான்று 1976இல் வந்தது. ராணுவச் சேர்ப்புக்காக 19 வயதில் உடற்பரிசோதனைக்கு வந்த சுமார் மூன்று லட்சம் இளைஞர்களின் குறிப்புகளை ஆராய்ந்தபோது, கருவின் முற்பாதியில் பஞ்சம் கண்டவர்களிடம் உடற்பருமன் கூடுதலாக இருந்தது. கருவின் கடைசி மாதங்களில் கண்டவர்களிடம் குறைவு. ஆம்ஸ்டர்டாமின் வில்ஹெல்மினா மருத்துவமனையில் அந்நாளில் பிறந்தவர்களை ஐம்பது வயதையொட்டிச் சோதித்தார்கள். பஞ்சத்தைக் கருவில் கண்டவர்களின் உடல் சர்க்கரையைச் சரிவரக் கையாளவில்லை. கருவின் தொடக்கத்தில் கண்டவர்களிடம் இதயத் தமனி நோயும் மிகுதி. இந்தத் தொடக்கக்காரர்களின் பிறப்பு எடை குறைந்திருக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தராசுக்குத் தெரியாத ஏதோ ஒன்று உள்ளே நடந்திருக்கிறது. 2008இல் லைடன் ஆய்வாளர்கள் அதற்கு ஒரு தடயம் காட்டினார்கள். பஞ்சத்தின்போது கருவானவர்களின் ரத்தத்தில், வளர்ச்சியோடு தொடர்புள்ள ஐஜிஎஃப்-2 மரபணுவின் மேல் மெத்தில் குறிகள் குறைவாக இருந்தன. மரபணுவின் எழுத்துகளை இக்குறிகள் மாற்றுவதில்லை. அது எவ்வளவு வேலை செய்யும் என்பதில்தான் அவற்றுக்குப் பங்கு.

பஞ்சத்திலும் கருத்தரித்தவர்கள் வசதியோ உடல்வலுவோ கூடிய குடும்பத்தினராக இருக்கலாமே என்ற கேள்வி நியாயமானது. லைடன் குழு ஒவ்வொருவரையும் பஞ்சத்துக்கு வெளியே கருவான, அதே பாலினத்து உடன்பிறப்போடு ஒப்பிட்டதால் அதன் வலு பெருமளவு குறைகிறது. மற்றொரு கேள்வி கடினமானது. வேறுபாடு சிறியது, அளந்ததும் ரத்த அணுக்களில், கணையத்திலோ இதயத்திலோ அல்ல. இப்படிக் குறிகள் குறைவாக அமைந்த கருக்களே பஞ்சத்தில் தப்பின என்றும் இதை விளக்க இடமுண்டு. ஆகவே மெத்தில் குறியைப் பஞ்சத்தின் சாட்சி என்று சொல்லலாம். நோயின் காரணம் என்று இன்னும் சொல்ல முடியாது. அதே போரில் சோவியத் நகரமான லெனின்கிராடை ஜெர்மானியர்கள் முற்றுகையிட்டபோது கருவிலிருந்தவர்களைச் சோதித்து 1997இல் வெளியான ஆய்வு, சர்க்கரை விஷயத்தில் அத்தகைய பாதிப்பைக் காணவில்லை என்பதும் இங்கே எதிர்நிற்கிறது. அங்கே குழந்தை பிறந்த பிறகும் பற்றாக்குறை நீண்டது. ஆம்ஸ்டர்டாமிலோ சில மாதங்களிலேயே உணவு தாராளமாயிற்று. பற்றாக்குறைக்குப் பழகிப் பிறந்த உடல் திடீர் நிறைவைச் சந்தித்தபோதே கேடு விளைந்தது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். அதை ஏற்றால் கருவறைப் பட்டினியோடு, அதன் பிறகு கிடைத்த தாராளமான உணவையும் விசாரணைக்குள் கொண்டுவந்தாக வேண்டும்.