உள்ளியமும் பொறியியல் பாவனையாக்கமும்

உள்ளியம் என்பது எவை உள்ளன, அவை எவ்வகைப்பட்டவை, ஒன்றோடொன்று எவ்வாறு தொடர்புடையவை என்று ஆராயும் மெய்யியல் துறையாகும். ஆன்டாலஜி என்னும் இதன் பெயர் 1606-இல் யாக்கோப் லோர்ஹார்டின் இலத்தீன் நூலில் இடம்பெற்றது. ஆயினும் இவ்வினா அதனினும் பழையது. காரைக்குடியை அடுத்த கோவிலூர் மடத்தில் தமிழ் நூல்களின் வழியே கற்பிக்கப்பட்ட வேதாந்தத்தின் மையமும் மெய்யாக உள்ளது எது என்ற வினாவே.

கணினியியல் இச்சொல்லை வேறு நோக்கில் எடுத்துக்கொண்டது. ஒரு துறையின் கருத்துகளை வெளிப்படையாக வரையறுத்துக் கூறுவதே உள்ளியம் என 1993-இல் டாம் குரூபர் விளக்கினார். அதே ஆண்டில் மாதிரி சார்ந்த முறைமைப் பொறியியல் பற்றி வெய்ன் வைமோர் எழுதிய நூல் வெளியானது. ஆவணங்களுக்குப் பதிலாகக் கணினி மாதிரியையே வடிவமைப்புக்கு அடிப்படையாகக் கொள்வது இம்முறை. அம்மாதிரியை இயக்கி, உருவாக்கும் முன்னரே ஒரு பொருளின் நடத்தையை அறிவது பாவனையாக்கம், அதாவது சிமுலேஷன் ஆகும்.

ஒரு விண்கலத்தின் வெப்பம், மின்சாரம், இயக்கம் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் குழுக்கள் மாதிரிகளை அமைக்கின்றன. அவற்றிடையே எண்கள் செல்லும்போது அவற்றின் பொருளும் உடன் செல்லும் என்பதற்கு உறுதியில்லை. நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் திட்டத்தில், தரைநிலைய மென்பொருளொன்று கணத்தாக்கைப் பவுண்டு-விசை விநாடியில் தந்தது. வழிகாட்டும் மென்பொருள் அதை நியூட்டன் விநாடியாகக் கொண்டது. வேறுபாடு ஏறத்தாழ 4.45 மடங்கு. 1999 செப்டம்பர் 23 அன்று விண்கலம் திட்டமிட்டதைவிட மிகத் தாழ்வாகச் செவ்வாயை நெருங்கித் தொடர்பிழந்தது. இது பாவனையாக்கப் பிழை அன்று. ஆயினும் மாதிரிகளை இணைத்து இயக்கும் எவருக்கும் இதே இடர் உண்டு.

இவ்விடரைக் குறைக்கவே பொறியியலில் உள்ளியங்கள் பயன்படுகின்றன. ஓர் எண் எந்த அளவைக் குறிக்கிறது, அதன் அலகு யாது, எந்த உறுப்புக்குரியது என்பன கணினி அறியும்படி பதியப்படுகின்றன. இதனால் இரு மாதிரிகளிடையே உள்ள முரண்களை இயக்கும் முன்னரே கண்டறியலாம். கியூயூடிடி என்னும் அளவு, அலகு உள்ளியம் நாசாவின் திட்டமொன்றில் தோன்றியதே. 2004-இல் உள்ளியங்களை எழுதுவதற்கான ஓடபிள்யூஎல் மொழி உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் பரிந்துரையானது. 2007-இல் முறைமை மாதிரிகளுக்கான சிஸ்எம்எல் மொழியின் முதற்பதிப்பு வெளிவந்தது. பின்னர் இவ்விரண்டையும் இணைக்கும் ஆய்வுகள் பெருகின.

உள்ளியத்துக்கும் எல்லை உண்டு. தவறான சமன்பாட்டை அது திருத்தாது. ஒரே சொல்லுக்கு இரு குழுக்கள் இரு பொருள் கொண்டிருந்தால், அவர்கள் முதலில் கூடிப் பேசி உடன்பட வேண்டும். அவ்வுடன்பாட்டை மறவாமல் காப்பதே உள்ளியத்தின் பணி.