சாங்கிச் சிறையில் சிறுமிகள் தைத்த போர்வை



பிள்ளைகள் சத்தம் போடாம ஒரு மணி நேரம் உட்காரணும்னா கையில் ஏதாவது வேலை இருக்கணும். இது எல்லா ஆசிரியருக்கும் தெரிந்ததுதான். அப்படிக் கொடுத்த ஒரு கைவேலை நம்ம சிங்கப்பூரில் வரலாற்றுச் சான்றாகவே ஆகியிருக்கிறது.

1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. மார்ச் மாதத்தில் சுமார் 400 பெண்களும் குழந்தைகளும் சாங்கிச் சிறைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பெரும்பாலோர் ஐரோப்பியர். ஆண்களைத் தனியே அடைத்துவிட்டதால், கணவன் உயிரோடு இருக்கிறாரா என்பதுகூடப் பல பெண்களுக்குத் தெரியாது.

அங்கே எலிசபெத் என்னிஸ் என்ற தாதி சிறுமிகளைச் சேர்த்துச் சாரணியர் குழு ஒன்றை நடத்தினார். வாரம் ஒருமுறை சிறை முற்றத்தின் ஒரு மூலையில் கூடுவார்கள். அவருடைய பிறந்தநாளுக்காகச் சுமார் 20 சிறுமிகள் அவருக்கே தெரியாமல் ஒரு போர்வை தைத்தார்கள். கிடைத்த கந்தல் துணிதான் துணி. பழைய உடுப்பில் உருவிய நூல்தான் நூல். சின்னச் சின்ன அறுகோணத் துண்டுகளைப் பூப்பூவாக இணைத்து, தங்கள் பெயர்களையும் தைத்துவைத்தார்கள். இன்று அது லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பெரியவர்களும் தைத்தார்கள். கனடாவைச் சேர்ந்த எத்தல் மல்வனியின் யோசனைப்படி, ஒவ்வொரு பெண்ணுக்கும் 6 அங்குலச் சதுரத் துணி கொடுக்கப்பட்டது. தன்னைப் பற்றி ஏதாவது அதில் தைக்க வேண்டும். அப்படி 66 சதுரங்கள் கொண்ட போர்வைகள் மூன்று உருவாயின. ஒன்று ஜப்பானியக் காயக்காரர்களுக்கு என்று எழுதப்பட்டது. காவலர்கள் அனுமதிக்க அது உதவியது. மருத்துவமனைக்குப் போன போர்வையில் மனைவியின் பெயரைப் பார்த்தால், அவள் உயிரோடு இருக்கிறாள் என்று கணவன் தெரிந்துகொள்ளலாம். கடிதத்துக்கு வழியில்லாத இடத்தில் துணியே கடிதமானது.

வகுப்பில் செய்து பார்க்க

ஒரு துணிப்பை, அட்டையில் வெட்டிய அறுகோணங்கள், முனை மழுங்கிய ஊசி, நூல், வெட்டுத்துணி போதும். துணிக்குத் தேக்கா நிலையத்தின் மேல்மாடித் தையற்கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். துணியை அட்டைமேல் மடித்துத் தற்காலிகமாகத் தைத்து, ஓரத்தோடு ஓரம் இணைக்க வேண்டும். நடுவில் ஒன்று, சுற்றி ஆறு, மொத்தம் ஏழு சேர்ந்தால் ஒரு பூ. அறுகோணத்தின் ஒவ்வொரு கோணமும் 120 பாகை. மூன்று சேர்ந்தால் 360. அதனால்தான் இடைவெளி விழுவதில்லை. கணக்குப் பாடமும் அதிலேயே முடிஞ்சிடும்!

தேர்வு எழுதுவோர் கவனிக்க

ஒரு சான்றைப் பார்த்ததும் மூன்று கேள்வி கேளுங்கள். யார் செய்தது? யாருக்காக? யாருடைய குரல் இதில் இல்லை?

மூன்றாவது கேள்வி நமக்கு முக்கியம். அதே ஆண்டுகளில் மலாயாவிலிருந்து பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்கள் சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. பட்டினியிலும் காலராவிலும் இறந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கல்லறையில்கூடப் பெயர் இல்லை. சிறுமிகளின் பெயர்களை ஒரு போர்வை காத்துவைத்திருக்கிறது. இவர்களுக்கு அப்படி ஒன்று கிடைக்கவில்லை.

சான்று இல்லை என்பதால் துன்பம் இல்லை என்று ஆகிவிடாது. இதை விடையில் ஒரு வரி எழுதினாலே சிந்தித்து எழுதியது தெரியும். மாணவர்களே, வீட்டில் தாத்தா பாட்டி சொல்லும் கதைகளைப் பெயர், ஊர், ஆண்டோடு இப்போதே ஒரு குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். நாளைக்கு அதுவும் ஒரு சான்றுதான்.