கூவாகத்துத் தாலியும் மோனாவின் ஆல்பமும்

ஆவுடையார்கோவிலாகிய திருப்பெருந்துறையில் இறைவனால் ஆட்கொள்ளப்பட்டதாக மரபு கூறும் மாணிக்கவாசகர், திருவாசகத்தின் பல பதிகங்களைப் பெண்குரலில் பாடினார். வகுப்பறையில் அதனை நாயகி பாவம் என்று கூறி எளிதில் கடந்துவிடுகிறோம். ஒருவர் உடலாலும் பெண்ணாகி நிற்கும்போதுதான் நமக்குத் தயக்கம் வருகிறது.

உளுந்தூர்ப்பேட்டையை அடுத்த கூவாகத்தில் சித்திரைப் பௌர்ணமியன்று திருநங்கையர் அரவானை மணந்து, பூசாரி கையால் தாலி பெறுகின்றனர். மறுநாள் அரவான் களப்பலியானதும் தாலியறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைப்புடவை உடுத்துகின்றனர். புகைப்படக்காரர்கள் திரள்வதும் அந்த ஒப்பாரிக்கே. நாம் கண்ட படங்கள் பலவற்றில் கண்ணீர் உண்டு. அழுபவரின் பெயர் இல்லை. (ஊர் திரும்பியபின் அவர் யாருக்காக அழுவார் என்று நாமும் கேட்டதில்லை.)

தில்லியில் தயானிதா சிங் அப்படிக் கேட்டவர். 1989இல் லண்டன் நாளிதழ் ஒன்றுக்காக அரவானியான மோனா அகமதைப் படமெடுத்தார். மோனா மறுத்ததும் படச்சுருளையே அவரிடம் கொடுத்துவிட்டார். நட்பு அங்கே தொடங்கிற்று. 2001இல் வெளிவந்த ‘மைசெல்ஃப் மோனா அகமது’ நூலில் படங்களோடு மோனாவின் சொற்களும் உள்ளன. வளர்ப்பு மகளின் பிறந்தநாள் கொண்டாட்டங்கள், அவளைப் பிரிந்த தாயின் வெறுமை, கல்லறைத் தோட்டத்தில் அமைத்துக்கொண்ட வீடு என அந்த ஆல்பம் விரிகிறது. 2017இல் மோனா மறையும்வரை அந்த நட்பு நீடித்தது.