மலாக்கா நீரிணையில் திமிங்கிலங்களும் ஓங்கில்களும்



பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குத் தீவுக்குப் பெர்ரியில் போயிருப்பீர்கள். கோலப் பெர்லிசிலிருந்தோ கோலக் கெடாவிலிருந்தோ லங்காவிக்குப் படகேறியிருப்பீர்கள். லூமுட்டிலிருந்து பங்கோருக்குக் குடும்பத்தோடு உல்லாசப் பயணம் போனவர்களும் உங்களுள் இருப்பார்கள். அப்படிப் போகும்போது, உட்கார இடம் கிடைத்ததா, பிள்ளைகள் பத்திரமாக இருக்கிறார்களா என்பதில்தான் நம் கவனம் இருக்கும். தண்ணீரை யார் உற்றுப் பார்க்கிறார்கள்? ஆனால், நாம் கடந்து போகிற அந்தக் கலங்கிய நீருக்குள் நம்மைப் போலவே மூச்சு விடுகிற, நம்மைப் போலவே குட்டி ஈன்று பால் கொடுக்கிற விலங்குகள் வாழ்கின்றன. அவற்றின் வரலாற்றை இன்று பார்ப்போம்.

முதலில் பெயரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டால்பின் என்று இன்று எல்லாரும் சொல்கிறோம். தமிழ்நாட்டுக் கடற்கரை மீனவர்கள் அதை ஓங்கில் என்பார்கள். மலாய்க்காரர்கள் லும்பா-லும்பா என்கிறார்கள். லும்பா என்றால் பந்தயம். படகோடு பந்தயம் விடுவதுபோல் கூடவே ஓடி வருவதால் அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! திமிங்கிலத்தை மலாயில் பாவுஸ் என்பார்கள். பேச்சு வழக்கில் இவற்றையெல்லாம் பெரிய மீன் என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் இவை மீன்கள் அல்ல. மீன் தண்ணீருக்குள்ளேயே செவுளால் சுவாசிக்கும். திமிங்கிலமும் ஓங்கிலும் நுரையீரலால் சுவாசிப்பவை. ஆகவே, எவ்வளவு ஆழத்துக்குப் போனாலும் மூச்செடுக்க மேலே வந்தே தீர வேண்டும். கப்பலில் நிற்கிற நமக்கு அவை கண்ணில் படுவது அந்த ஒரு தேவையினால்தான்.

நம் முன்னோர் இந்நாட்டுக்கு வந்த கடல்வழியை நினைத்துப் பாருங்கள். நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்க முடியாது. கப்பல் கடலில் நங்கூரமிட்டு நிற்கும். பயணிகளைப் படகுகளில் ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்ப்பார்கள். 1926-ஆம் ஆண்டு கட்டப்பட்ட ரஜூலா என்னும் கப்பலின் பெயரைக் கேள்விப்படாத தமிழ்க் குடும்பம் அக்காலத்துத் தோட்டங்களில் இருந்திருக்காது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹம், சிங்கப்பூர் என்று அது 1970-களின் தொடக்கம் வரை ஓடியது. அதற்குப் பின் சிதம்பரம் என்னும் கப்பல் ஓடியது. 1985 பிப்ரவரியில் அதில் தீப்பற்றி உயிர்ச்சேதம் ஏற்பட்டது. அதோடு அந்தக் கடல்வழிப் போக்குவரத்து முடிவுக்கு வந்தது.

இந்தக் கப்பல்களில் நம்மவர் பெரும்பாலோர் மேல்தளப் பயணிகள். பாயும் மூட்டையும் சட்டிபானையுமாகத் தளத்திலேயே படுத்து, தளத்திலேயே விழித்தார்கள். வங்காள விரிகுடாவைக் குறுக்கே கடந்து, பெரிய நிக்கோபார் தீவுக்கும் சுமத்திராவின் வடமுனைக்கும் இடையே நுழைந்து, மலாக்கா நீரிணைக்குள் கப்பல் வந்து சேரும். வழியில் கடலின் ஆழம் பல இடங்களில் 2,000 மீட்டருக்கும் மேல். அத்தகைய ஆழ்கடலில்தான் விந்துத் திமிங்கிலம் எனப்படும் பெரிய இனம் இரை தேடுகிறது. 1,000 மீட்டருக்கும் கீழே மூழ்கிக் கணவாய்களைப் பிடித்துத் தின்னும். காற்றில் துள்ளிப் பம்பரம்போல் சுழன்று விழும் சுழல் ஓங்கில்களும் அங்கே கூட்டங்கூட்டமாக வாழ்கின்றன.

ஓங்கில்கள் கப்பலின் முன்னால் ஓடி வருவது ஏன் என்று கேட்கலாம். கப்பல் தண்ணீரைப் பிளந்துகொண்டு போகும்போது அதன் முகப்பில் நீர் முன்னோக்கித் தள்ளப்படுகிறது. அந்தத் தள்ளலில் உடலைப் பொருத்திக்கொண்டால் வாலை அதிகம் அசைக்காமலே வேகமாகப் போகலாம். சைக்கிளில் போகும் பையன் லாரியின் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டு போவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓங்கில் மட்டும் முன்புறத்தில் ஏறிக்கொள்கிறது!

மேல்தளத்தில் இரவும் பகலும் கிடந்த நம் மக்களைவிட இவற்றைப் பார்க்க வசதியான இடத்தில் இருந்தவர்கள் வேறு யார்? எனினும், கப்பல் தலைவர்களும் அதிகாரிகளும் தாங்கள் கண்டவற்றைக் குறித்து வைத்தார்கள். நம்மவர் கண்டது பேச்சோடு நின்றது. எழுதப்பட்டது வரலாறாயிற்று, எழுதப்படாதது காற்றோடு போயிற்று.

எழுதி வைத்ததனால் நமக்குக் கிடைத்த செய்தி ஒன்றைச் சொல்கிறேன். 1892-ஆம் ஆண்டு ஜூன் மாதம் மலாக்காவுக்குத் தெற்கே சா பாத்து என்னும் கடலோரத்தில் ஒரு திமிங்கிலம் கரையொதுங்கியது. மலாக்காவின் அன்றைய ஆட்சியதிகாரி ஹார்வி அதன் எலும்புகளைச் சிங்கப்பூரிலிருந்த ராஃபிள்ஸ் அரும்பொருளகத்துக்குக் கொடுத்தார். சில எலும்புகள் குறைந்திருந்தன. ஆகவே பதினைந்து ஆண்டுகள் அது காட்சிக்கு வைக்கப்படாமலே கிடந்தது. குறைந்தவற்றைச் செயற்கையாகச் செய்து பொருத்தி, 1907-இல் கூரையிலிருந்து தொங்கவிட்டார்கள். நீளம் 42 அடி. அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்த சிங்கப்பூர்ப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக உண்டு.

1974-இல் அந்த எலும்புக்கூட்டைக் கோலாலம்பூரிலுள்ள தேசிய அரும்பொருளகத்துக்கு அன்பளிப்பாக அனுப்பிவிட்டார்கள். பின்னர் அது லாபுவான் தீவிலுள்ள கடல்சார் அரும்பொருளகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நெடுங்காலம் அதை நீலத் திமிங்கிலம் என்றே சொல்லி வந்தார்கள். பிற்கால ஆய்வாளர்களோ, அதன் நெருங்கிய உறவான சேய் என்னும் இனத்தைச் சேர்ந்தது என்று கண்டார்கள். எலும்பைப் பாதுகாத்து வைத்ததனால் அல்லவா, நூறாண்டு கழித்தும் பிழையைத் திருத்த முடிந்தது?

இதற்குத் தொடர்ச்சியாக இன்னொரு நிகழ்ச்சி. 2015-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள், சிங்கப்பூரின் ஜூரோங் தீவை அடுத்த கடலில் ஒரு பெண் விந்துத் திமிங்கிலம் இறந்து மிதந்தது. நீளம் 10.6 மீட்டர். சிங்கப்பூர்க் கடலில் இந்த இனம் பதிவானது அதுவே முதன்முறை. சிங்கப்பூர் சுதந்திரம் பெற்ற ஐம்பதாம் ஆண்டு என்பதால் அதற்கு ஜூபி லீ என்று பெயரிட்டார்கள். அதன் எலும்புக்கூடு இன்று லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் தொங்குகிறது. பழைய ராஃபிள்ஸ் அரும்பொருளகத்தின் விலங்குச் சேகரிப்புக்கு இதுவே வாரிசு. லீ கோங் சியான் ரப்பர் தொழிலில் பெரும் செல்வம் சேர்த்தவர். அவர் நிறுவிய அறநிறுவனம் இந்த அரும்பொருளகத்துக்குப் பெரும் நன்கொடை தந்தது. அப்படியானால், அந்த மண்டபத்துக்கும் விடியற்காலையில் பால்மரம் சீவிய கைகளுக்கும் ஒரு தூரத்து உறவு உண்டு என்று சொன்னால் தவறாகாது.

ஆழ்கடலில் வாழ வேண்டிய அந்த விலங்கு ஆழம் குறைந்த சிங்கப்பூர் நீரிணைக்கு எப்படி வந்தது? அது வாய் திறந்து சொல்லப் போவதில்லை. ஆனால், அதன் முதுகில் பெரிய காயம் ஒன்று இருந்தது. கப்பல் மோதியதால் ஏற்பட்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். வயிற்றுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கணவாய் அலகுகள் இருந்தன. அவற்றோடு பிளாஸ்டிக் பொருள்களும் இருந்தன. மலாக்கா நீரிணை வழியாக இக்காலத்தில் ஆண்டுக்கு 80,000-க்கும் மேற்பட்ட கப்பல்கள் போகின்றன. சிங்கப்பூருக்கு அருகே அந்த வழி மூன்று கிலோமீட்டருக்கும் குறைவாகக் குறுகிவிடுகிறது. பெரிய உடம்போடு மூச்செடுக்க மேலே வருகிற விலங்குக்கு அது எத்தகைய இடம் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

திமிங்கிலம் நம் நீரிணைக்கு எப்போதாவது வருகிற விருந்தாளி. ஓங்கிலோ இங்கேயே குடியிருப்பது. ஆற்று முகத்துவாரமும் சதுப்புநிலக் காடும் உள்ள இடத்தில் மீன் பெருகும். மீன் உள்ள இடத்தில் ஓங்கிலும் இருக்கும். பேராக்கில் தைப்பிங்குக்கு மேற்கே மாத்தாங் சதுப்புநிலக் காடு இருக்கிறது. 1885-இல் இந்நாட்டின் முதல் இரயில் பாதை தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்குத்தான் போடப்பட்டது. போர்ட் வெல்டுக்கு இன்று கோல செப்பெத்தாங் என்று பெயர். அந்தக் கரையை அடுத்த கடலில் மூன்று இனங்களை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அவற்றை அடையாளம் காண்பது கடினமன்று.

முதலாவது, கூன்முதுகு ஓங்கில். குட்டியாக இருக்கும்போது சாம்பல் நிறம். வளர வளர வெளுத்து, இளஞ்சிவப்பாக மாறிவிடும். முதுகுத் துடுப்பு தாழ்வாக முக்கோணமாக இருக்கும். லங்காவிக் கடலிலும் பினாங்கைச் சுற்றியும் இதைக் காணலாம்.

இரண்டாவது, ஐராவதி ஓங்கில். தலை உருண்டையாக இருக்கும். நீண்ட மூக்கு இல்லை. துடுப்பு மிகச் சிறியது. பர்மாவின் ஐராவதி ஆற்றின் பெயரைத் தாங்கியிருந்தாலும், அறிவியல் உலகம் இதை அறிந்தது அக்காலச் சென்னை மாகாணத்து விசாகப்பட்டினத்திலிருந்துதான். 1852-இல் அங்கே கிடைத்த ஒன்றை வைத்தே, ரிச்சர்ட் ஓவன் என்னும் ஆங்கில அறிஞர் 1866-இல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார்.

மூன்றாவது, துடுப்பில்லாக் கடற்பன்றி. பெயரே சொல்வதுபோல் முதுகில் துடுப்பு கிடையாது. சத்தமில்லாமல் தலைகாட்டி உடனே மறைந்துவிடும். மிதக்கும் தேங்காய் மட்டை என்று எண்ணி ஏமாந்துவிடுவோம்.

திமிங்கிலத்தை அறிய அதன் மூச்சைப் பார்க்க வேண்டும். அது தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பதாக எண்ணுகிறோம். உண்மையில் அது வெளிவிடும் மூச்சு நீர்த்துளிகளோடு ஆவியாகத் தெரிகிறது. விந்துத் திமிங்கிலத்தின் மூச்சு மட்டும் நேரே மேலே போகாமல், முன்னோக்கி இடப்பக்கம் சாய்ந்து போகும். தொலைவிலிருந்தே அதை வைத்து இனத்தைச் சொல்லிவிடலாம்.

பார்ப்பதற்கு ஏற்ற வாகனமும் முக்கியம். பினாங்குப் பெர்ரிச் சேவை மெதுவாகச் செல்வது. 1985-இல் பாலம் திறக்கப்பட்டதும் கூட்டம் குறைந்தது. பழைய பெரிய பெர்ரிகள் 2020-இன் இறுதியோடு பயணிகளை ஏற்றுவதை நிறுத்தின. 2023 ஆகஸ்டில் புதிய பெர்ரிகள் வந்தன. லங்காவிப் படகோ மூடிய கண்ணாடிக்குள் உட்கார வைத்து விரைந்து பறக்கிறது. அக்காலத்து மேல்தளப் பயணிக்கு வசதி ஒன்றும் இல்லை. ஆனால் கடல் முழுவதும் அவன் கண்முன் இருந்தது. நமக்கு வசதி வந்துவிட்டது. கடல்தான் கண்ணாடிக்கு அப்பால் போய்விட்டது.

நேயர்களே, இதையெல்லாம் அறிவதால் நமக்கு என்ன பயன் என்று கேட்கலாம். ஓங்கில் மேலே வந்து மூச்சுவிட முடியாமல் மீன்வலையில் சிக்கினால் சில நிமிடங்களில் இறந்துவிடும். பெண் ஓங்கில் ஒரு குட்டி ஈன்று, மறு குட்டிக்குப் பல ஆண்டு எடுத்துக்கொள்ளும். ஆகவே ஆண்டுக்குச் சில இறந்தாலும் அந்த இழப்பை ஈடுகட்டுவது எளிதன்று. மலேசியாவில் 1999-ஆம் ஆண்டு விதிமுறைகள் திமிங்கிலங்களையும் ஓங்கில்களையும் பாதுகாக்கின்றன. எனினும், எங்கே எத்தனை இருக்கின்றன என்று தெரியாமல் சட்டம் மட்டும் என்ன செய்யும்? 2012-இல் லூயிசா பொன்னம்பலம் என்னும் மலேசிய ஆய்வாளர் மற்றவர்களோடு சேர்ந்து நிறுவிய மேர்செட் அமைப்பு இந்த வேலையைச் செய்து வருகிறது. பொதுமக்கள் கண்டதைச் சொன்னால் இத்தகைய ஆய்வுக்கு அது பெரும் துணை.

ஆகவே உங்களிடம் இரண்டு வேண்டுகோள். அடுத்த முறை பெர்ரியில் போகும்போது பிள்ளைகளோடு தண்ணீரைப் பாருங்கள். ஓங்கிலைக் கண்டால் நாள், நேரம், இடம், எத்தனை என்று பள்ளி நோட்டிலாவது எழுதச் சொல்லுங்கள். குப்பையைக் கடலில் எறிய விடாதீர்கள்.

மற்றொன்று இதைவிட அவசரமானது. ரஜூலாவிலோ சிதம்பரத்திலோ சிறுவயதில் வந்த பாட்டியோ தாத்தாவோ உங்கள் வீட்டில் இருக்கலாம். அவர்களை உட்கார வைத்து, “கடலில் என்ன பார்த்தீர்கள்?” என்று கேளுங்கள். சொல்வதைச் சொன்னபடியே எழுதி வையுங்கள். கப்பல் தலைவனின் குறிப்பேட்டில் இல்லாத செய்தி அதில் இருக்கக்கூடும். மலாக்காவில் ஒதுங்கிய திமிங்கிலத்தின் எலும்பை நூறாண்டுக்கு மேல் காத்து வைத்திருக்கிறார்கள். நம் மூத்தோரின் நினைவை நாம்தாம் காத்து வைக்க வேண்டும்.