போனஸ் காசில் ஜூம் லென்ஸ்: செண்பகத்தோப்பு அணிலுக்கு எத்தனை எம்.எம். வேண்டும்?

தீபாவளி போனஸ் கையில் வந்ததும் சிவகாசிப் பசங்களுக்கு ஒரு பட்டியல் இருக்கும். பைக், போன், அக்கா கல்யாணத்துக்குச் சேர்க்க வேண்டிய நகைச்சீட்டு. சமீப வருஷங்களில் அந்தப் பட்டியலில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. பெரிய ஜூம் லென்ஸ். ஆஃப்செட் பிரஸ்ஸில் வேலை பார்க்கிற நண்பர் ஒருவர் போன வருஷம் என்னிடம் கேட்டது இதுதான்: "600 வாங்கலாமா, 400 போதுமா? தப்பா வாங்கிட்டா அடுத்த போனஸ் வரைக்கும் அதையேதான் பார்த்துக்கிட்டு இருக்கணும்."

நியாயமான பயம். அரை லட்சத்திலிருந்து இரண்டு லட்சம் வரை போகிற பொருள் இது. அதனால் விளம்பரத்தில் இருக்கிற எண்ணை விட்டுவிட்டு, நீங்கள் எதைப் படம் எடுக்கப்போகிறீர்கள் என்பதிலிருந்து ஆரம்பிப்போம்.

சிவகாசியிலிருந்து சுமார் 20 கி.மீ. போனால் ஸ்ரீவில்லிபுத்தூர். அதற்கு மேற்கே மலை அடிவாரத்தில் செண்பகத்தோப்பு. 1988-ல் சாம்பல் நிற அணிலுக்காகவே சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு இது. 2021 பிப்ரவரியில் மேகமலையோடு சேர்ந்து, தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகமாகவும் ஆகிவிட்டது. புலியைப் பார்ப்போம் என்று நினைத்துக் கிளம்பாதீர்கள், மக்களே. நம் கதாநாயகன் அணில்தான். வீட்டு வேப்பமரத்தில் ஓடுகிற அணில் இல்லை, இவர் பெரிய ஆள். உடம்பைவிடப் புசுபுசு வால் நீளமாகத் தெரியும். கிளையும் கிளையும் தொட்டுக்கொண்டு நிற்கிற மரங்களின் உச்சியில் கூடு கட்டி, முடிந்தவரை தரைக்கு வராமல் மரத்துக்கு மரம் தாவியே வாழ்க்கையை ஓட்டுபவர். அதாவது உங்களிடமிருந்து எப்போதும் 20, 25 மீட்டர் தள்ளி, அதுவும் தலைக்கு மேலே.

"என் போன்லயே 100 மடங்கு ஜூம் இருக்கே?" என்று கேட்பீர்கள். அந்த 100-ல் பெரும்பகுதி, ஏற்கெனவே எடுத்த படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான். பெரிஸ்கோப் லென்ஸ் வைத்த நல்ல போன்களிலேயே நிஜமான 10 மடங்கு ஜூம் என்பது கேமரா கணக்கில் சுமார் 230 எம்.எம். சென்சாரோ நகக்கண் அளவுதான். போன் திரையில் அழகாக இருக்கும். அச்சுக்குக் கொடுத்துப் பாருங்கள், அணிலுக்குப் பதிலாக வாட்டர்கலர் ஓவியம் வரும்.

அச்சுக்கணக்குதான் சரியான கணக்கு

நாட்டுக்கே காலண்டர் அடித்துக்கொடுக்கிற ஊர்க்காரர்களுக்கு 300 டி.பி.ஐ. என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஏ3 அளவில் ஒரு படம் சுத்தமாக விழ, சுமார் 4,960க்கு 3,508 பிக்சல் வேண்டும். 24 மெகாபிக்சல் கேமரா தருவது 6,000க்கு 4,000. ஆக, படத்தை வெட்டாமல் பயன்படுத்தினால் தாராளம். வெட்டினால்தான் சிக்கல். எவ்வளவு வெட்ட வேண்டிவரும் என்பதை முடிவு செய்வதுதான் லென்ஸின் எம்.எம்.

ஒரு சின்னக் கணக்கு. லென்ஸின் எம்.எம்.-ஐ விலங்கின் அளவால் பெருக்கி, தூரத்தால் வகுத்தால், சென்சார் மேல் அந்த விலங்கு எவ்வளவு பெரிதாக விழும் என்பது கிடைத்துவிடும். அணிலின் உடல் 35 செ.மீ., தூரம் 25 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 300 எம்.எம். லென்ஸில் 4.2 மி.மீ., 400-ல் 5.6 மி.மீ., 600-ல் 8.4 மி.மீ. நம்மில் பலரிடம் இருப்பது ஏ.பி.எஸ்.-சி சென்சார், அதன் உயரம் சுமார் 15.6 மி.மீ. அதில் 24 மெகாபிக்சல் இருந்தால் அணிலுக்குக் கிடைப்பது முறையே சுமார் 1,080, 1,440, 2,150 பிக்சல். அச்சில் அணில் மட்டும் மூன்றரை இஞ்ச், கிட்டத்தட்ட ஐந்து இஞ்ச், ஏழு இஞ்ச்.

கிட் லென்ஸோடு வாங்கின 70-300 வைத்துக்கொண்டு "என் படம் ஏன் ஷார்ப்பா இல்ல?" என்று வருத்தப்படுகிறவர்களுக்குப் பதில் இங்கேயே இருக்கிறது. பல நேரம் குற்றம் உங்கள் கையிலும் இல்லை, லென்ஸிலும் இல்லை. பிக்சல் பற்றவில்லை, அவ்வளவுதான்.

ஃபுல் ஃபிரேமுக்கு மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அதே 24 மெகாபிக்சலில் ஃபுல் ஃபிரேம் வாங்கினால் அதே அணில் ஃபிரேமுக்குள் இன்னும் சிறிதாகத்தான் தெரியும். இருட்டில் நன்றாக எடுக்கும் என்பது உண்மை. ஆனா எட்டுவது ஏ.பி.எஸ்.-சிதான், சோனி, நிக்கானில் 1.5 மடங்கும் கேனானில் 1.6 மடங்கும் பார்வையை நெருக்கிக் கொடுக்கும். போனஸ் காசை பாடியில் போடாமல் லென்ஸில் போடச் சொல்வது இதற்காகத்தான்.

அப்போ 600-ஐ வாங்கிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். முதன்முதலாக நான் செண்பகத்தோப்புக்கு வாடகைக்கு எடுத்துக்கொண்டு போனது ஒரு 150-600. கடையில் ஐந்து நிமிஷம் தூக்கிப் பார்த்து "இவ்வளவுதானா?" என்று சிரித்தேன். காட்டில் இரண்டு மணிநேரம் நடந்து, அண்ணாந்து பார்த்து, ஒரு அணில் இலைக்குள்ளிருந்து வெளியே வரும் என்று லென்ஸைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்ததில் தோள் எரிந்தது. சரி, ஒரு நொடி இறக்கிக்கொள்வோம் என்று இறக்கினேன். அந்த நொடியில்தான் அவர் தாவினார். அன்றைக்கு என்னிடம் மிஞ்சியது 40 வால் படங்கள்.

இரண்டு கிலோ என்பது காகிதத்தில் சின்ன எண். வாங்கும் முன்பு வீட்டிலேயே சோதித்துவிடுங்கள். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நிரப்பி, மரஉச்சியைப் பார்க்கிற மாதிரி தலையை நிமிர்த்தி, கண்ணுக்கு நேராக மூன்று நிமிஷம் பிடியுங்கள். முடிந்தால் 600 உங்களுக்குத்தான். முடியாவிட்டால் ஒற்றைக்கால் ஸ்டாண்டான மோனோபாடுக்கும் காசு ஒதுக்குங்கள், அல்லது 400-க்கு இறங்குங்கள்.

எடை நிலவரம் இதுதான். சிக்மா 150-600 கன்டெம்பரரி 1,930 கிராம். டாம்ரான் 150-600 ஜி2-வும் கிட்டத்தட்ட இரண்டு கிலோ. நிக்கான் 200-500, காலரோடு 2,300 கிராம். சோனி 200-600 காலர் இல்லாமலே 2,115 கிராம். நிக்கான் இசட் 180-600 காலர் இல்லாமல் 1,955 கிராம். இந்தப் பட்டியலில் வித்தியாசமான பிள்ளை கேனான் ஆர்.எஃப். 100-400. வெறும் 635 கிராம். ஒரு நாள் முழுக்கக் கழுத்தில் தொங்கினாலும் மறந்துபோகும்.

இவ்வளவு இளைத்ததற்கு விலை வெளிச்சம். அந்தக் கேனான் 400-ல் எஃப் 8. நிக்கான் 200-500 எல்லா இடத்திலும் எஃப் 5.6. ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டால் எஃப் 8-ல் உள்ளே வருவது சரிபாதி வெளிச்சம். கரிசல் காட்டு வெயிலில் இது பிரச்னையே இல்லை. ஆனா காலை ஏழு மணி, மரநிழல், இலைக்குள் ஒரு அணில் என்றால் ஐ.எஸ்.ஓ. 3200, 6400 என்று ஏறும். படத்தில் மணல் தூவின மாதிரி புள்ளிகள் வரும். எஃப் 5.6-க்கும் 6.3-க்கும் உள்ள வித்தியாசத்தை நினைத்து மட்டும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். மூன்றில் ஒரு ஸ்டாப்தான் அது.

டெலி கன்வர்ட்டர் வாங்கி 600-ஐ 840 ஆக்கலாமே என்று யோசனை வரும். 1.4 மடங்கு கன்வர்ட்டர் ஒரு ஸ்டாப் வெளிச்சத்தைச் சாப்பிடும், 2 மடங்கு இரண்டு ஸ்டாப். எஃப் 6.3 லென்ஸில் அதை மாட்டினால் எஃப் 9, எஃப் 13 என்று போய், காட்டு நிழலில் ஃபோகஸ் தடுமாறும். வேண்டாம்.

கை ஆடுவதைத் தடுக்கும் ஸ்டெபிலைசர் எல்லா நீள ஜூமிலும் இப்போது இருக்கிறது. அது உங்கள் கை ஆட்டத்தை மட்டும்தான் பிடித்து நிறுத்தும். அணிலுக்கு உங்கள் கேமராவில் ஸ்டெபிலைசர் இருப்பது தெரியாது! உட்கார்ந்து பழம் தின்றால் 1/250 நொடி போதும். தாவும்போது 1/1000-க்கு மேல் வேண்டும். பின்னால் வெள்ளை வானம் இருந்தால் அணில் கறுப்பு நிழலாகிவிடும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், ஒன்றரை ஸ்டாப் கூட்டி வையுங்கள்.

காட்டுக்குப் போகாதவர்களுக்கு

எல்லோருக்கும் அணில் வேண்டும் என்றில்லை. தீபாவளி முடிந்து ஆலைகளுக்கு லீவு விடுகிற நாட்களில்தான் வடகிழக்குப் பருவமழை கண்மாய்களை நிரப்பத் தொடங்கும். வலசைப் பறவைகளும் வரும். நம் பக்கத்துக்காரர்களுக்கு இதைவிட வசதியான டைமிங் கிடையாது. ஆனா கண்மாய் வேறு மாதிரி. கரையிலிருந்து வாத்து 80, 100 மீட்டர் தள்ளி மிதக்கும். அங்கே 600-ம் போதாது என்று தோன்றும். அதற்காக 800 தேடிப் போகாதீர்கள். காலை ஒன்பதரை, பத்துக்கு மேல் தரை சூடாகி, காற்று அலை அலையாய் ஆடும். கானல் நீர் காட்டுகிற அதே சமாச்சாரம்தான். எத்தனை லட்ச ரூபாய் லென்ஸாக இருந்தாலும் அந்தக் காற்றுக்குப் பின்னால் இருக்கும் பறவை ஷார்ப்பாக வராது. சூரியன் வருவதற்கு முன்பே போய், தாழ உட்கார்ந்து, பறவை பக்கத்தில் வரும்வரை காத்திருப்பதுதான் வழி. பழைய ஜீன்ஸின் ஒரு காலை வெட்டி, இரண்டு முனையையும் தைத்து, உள்ளே சோளத்தை நிரப்பினால் அருமையான பீன் பேக் ரெடி. லென்ஸை அதன்மேல் சாய்த்துக்கொள்ளலாம்.

இதற்கு நேர்மாறான இடங்களும் உண்டு. நெல்லைப் பக்கம் கூந்தன்குளத்தில் பறவைகள் ஊருக்குள்ளேயே, வீட்டு மரங்களிலேயே கூடு கட்டும். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி உங்களுக்குக் கேள்விப்பட்ட பெயராக இருக்கலாம். பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கும் வெடி வெடிக்காத ஊர். வெடி செய்கிற ஊரிலிருந்து கேமராவோடு அங்கே போய் நிற்பது ஒரு தனி அனுபவம்; டீக்கடையில் "எந்த ஊரு தம்பி?" என்று கேட்டால் கொஞ்சம் நெளிவீர்கள். இந்த மாதிரி இடங்களில் 400 தாராளம். 600 வைத்திருந்தால் நாரையின் கால் ஃபிரேமுக்கு வெளியே போய்விடும்.

பட்டாம்பூச்சி, ஓணான் மாதிரி சின்ன உயிர்களும் பிடிக்கும் என்றால் இன்னொரு எண்ணைப் பாருங்கள். குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம். சிக்மா 150-600 கன்டெம்பரரி 2.8 மீட்டருக்கு உள்ளே ஃபோகஸ் செய்யாது. கேனான் 100-400, ஒரு மீட்டருக்கும் குறைவான தூரத்தில் செய்யும்.

கல்லாவுக்குப் போகும் முன்பு

நிக்கான் டி.எஸ்.எல்.ஆர். வைத்திருக்கிறீர்களா? புதிய மிரர்லெஸுக்குத் தாவாமல் செகண்ட் ஹேண்ட் 200-500 தேடுங்கள். என் கணக்கில் கொடுக்கிற காசுக்கு அதுதான் நல்ல பேரம். கேனான் டி.எஸ்.எல்.ஆர். என்றால் சிக்மா அல்லது டாம்ரான் 150-600. கேனான் மிரர்லெஸ், பட்ஜெட் குறைவு, நிறைய நடப்பேன் என்றால் 100-400. சோனி, நிக்கான் மிரர்லெஸ்காரர்களுக்கு 200-600-ம் 180-600-ம் ஒரு கூடுதல் நன்மை தரும். ஜூம் செய்யும்போது லென்ஸ் வெளியே நீளாது. நம் ஊர்ப் புழுதியில் இது பெரிய விஷயம். நீண்டு சுருங்குகிற லென்ஸ் ஒவ்வொரு முறையும் காற்றை உள்ளே இழுக்கும், காற்றோடு தூசும் போகும்.

கேமராவே இல்லை, மொத்தமே அரை லட்சத்தைச் சுற்றித்தான் என்றால் நிக்கான் பி950 மாதிரி பிரிட்ஜ் கேமரா ஒன்று செகண்ட் ஹேண்டில் கிடைக்கிறதா பாருங்கள். 2,000 எம்.எம். அளவுக்கு எட்டும். சென்சார் சின்னது, நிழலில் திணறும், காலண்டருக்கு ஆகாது. பறவையை அடையாளம் கண்டுபிடிக்க, இன்ஸ்டாவில் போட, போதும்.

பழைய லென்ஸ் வாங்கும்போது போன் டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் ஃபங்கஸ், எழுந்து வந்துவிடுங்கள். லென்ஸைத் தலைகீழாகப் பிடித்தால் ஜூம் தானாக இறங்குகிறதா? கொஞ்சம் இறங்கினால் பரவாயில்லை, லாக் இருக்கும். 'சொய்ங்' என்று இறங்கினால் விலையைக் குறையுங்கள். உங்கள் பாடியில் மாட்டி, முழு நீளத்தில், தூரத்து போர்டு ஒன்றைப் பத்து முறை எடுத்து, பெரிதாக்கிப் பார்த்தபிறகே பணம் எண்ணுங்கள். அடாப்டர் வழியாக மாட்டுவதாக இருந்தால் இது இரட்டிப்பு அவசியம். புதியதில் விலை சந்தேகத்துக்கு இடமான அளவு குறைவாக இருந்தால், இந்திய வாரன்ட்டி கார்டு இருக்கிறதா என்று கேளுங்கள். "கடை வாரன்ட்டி" என்ற பதில் வந்தால் யோசியுங்கள்.

நீண்ட ஜூம் எடுத்ததும் எல்லோரும் உடனே வாங்கிவிட நினைக்கிற 95 எம்.எம். ஃபில்டரை மறந்துவிடுங்கள், ஹூட் போதும். திரும்பி வந்ததும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். வெயில் ஊர்தானே என்று அலட்சியம் வேண்டாம். மலைக்காட்டு ஈரம் பைக்குள்ளேயே வீட்டுக்கு வந்துவிடும்.

1912-ல் நெல்லைச் சீமையில் பிறந்த மா. கிருஷ்ணன், கறுப்பு வெள்ளையில் காட்டு யானைகளைப் பதிவு செய்த மனிதர். பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒன்றை உருவாக்கி, அதற்கு 'சூப்பர் பாண்டெரோசா' என்று பெயரும் வைத்திருந்தார். எடை பற்றிப் புலம்பும்போதெல்லாம் நான் அவரை நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்வேன்.

ஒரு முக்கிய விஷயம். சரணாலயத்துக்குள் படம் எடுக்க, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி வனத்துறை அனுமதி வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் வனத்துறை அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கோடையில் காட்டுத்தீ அபாயம் இருக்கும்போது உள்ளே விட மாட்டார்கள். யானை நடமாடும் காடு, தனியாகப் போகாதீர்கள். போனில் குரல் ஒலிக்கவிட்டு அழைப்பது, கூட்டுக்குக் கீழே கல்லெறிந்து கிளப்புவது, இதெல்லாம் வேண்டாம். எட்டவில்லை என்றால் எட்டவில்லை.

பிரஸ் நண்பர் கடைசியில் எதை வாங்கினார் என்று கேட்பீர்கள். ஒரு வார இறுதிக்கு 600-ஐ வாடகைக்கு எடுத்து, திங்கட்கிழமை தோளில் தைலம் தேய்த்துக்கொண்டு வேலைக்குப் போனார். அடுத்த வாரம் 100-400. மீதிப் பணம் அக்காவின் நகைச்சீட்டுக்குப் போய்விட்டது.